நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும்

(நமது பங்கின் யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய உரை)



யூபிலி நன்றி சொல்லும் காலம்; கணக்குப் பார்க்கும் காலமும் கூட. கோவிலைப் பற்றியும் கெபியைப் பற்றியும் பங்கின் வளர்ச்சியைப் பற்றியும் இம்மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது வகுப்பறை ஒன்றுதான். அதிலும் நான் பெரும்பாலும் நின்றது நாலாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும். ஆகையால் அந்த இரண்டு வகுப்புகளைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன்.

"ஒன்றாம் வகுப்பைப் பற்றிப் பேசினாலாவது அரிச்சுவடி என்று சொல்லலாம், பத்தாம் வகுப்பைப் பற்றிப் பேசினாலாவது அரசுத் தேர்வு என்று சொல்லலாம். நடுவில் இருக்கிற நாலிலும் ஐந்திலும் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் இளம் வயதில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நமக்கு வாய்த்த பாக்கியம்

நம் ஊரை ஒட்டி ஓடுகிற சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. அந்தப் புன்னைக்காயலில் இருந்து ஊழியம் செய்த அன்றிக்கு அடிகளார்தான், 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிடச் செய்தார். அதில் இருந்தவை 16 பக்கங்களே. ஆனால் சாதாரண மக்கள் கையில் எடுத்து வாசிக்கத் தமிழில் அச்சுப் புத்தகம் வேண்டும் என்று ஒருவர் எண்ணினாரே, அதுதான் பெரிது.

பிறகு 1820-ல் சி.எம்.எஸ். சபையின் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கினார். நம் சேசு சபைக் குருக்கள் பள்ளி நடத்தி, 1923-ல் தூய சவேரியார் கல்லூரியையும் நிறுவினார்கள். பசித்த பிள்ளை பாடம் கேளாது என்று உணர்ந்த காமராசர், மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் அன்றைய நம் நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. 2024 சூலை 15 முதல் கிராமப்புறங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், அதாவது நம் மறைமாவட்டப் பள்ளிகள் போன்றவற்றுக்கும், அது கிடைத்தது.

இவ்வளவையும் நான் நினைவூட்டுவது எதற்காக? பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டு வர நம் முன்னோர் நானூறு ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிள்ளை உண்மையில் கற்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நம் தலைமுறையுடையது.

பாதை திரும்பும் இடம்

முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. நாலாம் வகுப்பு முதல் கற்றுக்கொள்வதற்காக வாசிக்கிறது. வித்தியாசம் சிறியது போலத் தோன்றும்; ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அது.

அறிவியல் பாடத்தில் நீராவி மேகமாகும் விதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சமூக அறிவியலில் வரைபடத்தைப் பார்த்து ஆறு எங்கே பிறந்து எங்கே சேர்கிறது என்று சொல்ல வேண்டும். கணக்கில்கூட, 'ஒரு கூடையில் 24 மாம்பழம்' என்று தொடங்கும் நான்கு வரிகளை வாசித்து, இது பெருக்கலா வகுத்தலா என்று தானே முடிவு செய்ய வேண்டும். எழுத்துக் கூட்டுவதிலேயே மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு நாலாவது வரி வரும்போது முதல் வரி மறந்துவிடும். "கணக்கு வரவில்லை" என்று நாம் டியூஷன் தேடுகிறோம். வராதது கணக்கல்ல, வாசிப்பு.

பிரதம் என்ற அமைப்பு 2005 முதல் நாட்டின் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று ஒரு சோதனை வைக்கிறது. இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். 2018-ல் இந்தியா முழுவதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரால்தான் அதை வாசிக்க முடிந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022-ல் அது நூற்றுக்கு 43 ஆகக் குறைந்தது. 2024-ல் மீண்டும் பாதியை நெருங்கியது. எஞ்சிய பாதிப் பிள்ளைகளும் தினந்தோறும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவர்கள்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. தோல்வி என்று முத்திரை குத்தி எத்தனை பிள்ளைகளை நாம் மாடு மேய்க்க அனுப்பினோம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கேட்காத பாடம்

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். நம் மாவட்டத்தில் வேறொரு பகுதி. நான் வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஐந்தாம் வகுப்பு. முன் வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். "எழுந்து வாசி" என்றால் போதும். தட்டுத் தடங்கல் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, பாடம் முழுவதையும் வாசிப்பான். ஆய்வாளர் வந்தபோது அவனைத்தான் வாசிக்க வைத்தேன். அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். எழுத்துத் தேர்வில் மட்டும் அவனுக்கு மதிப்பெண் குறையும். 'கவனம் போதாது' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதி அனுப்பினேன்.

ஒரு நாள் காலையில் மணி அடிக்கும் முன்பே அவன் ஓர் இன்லேண்டு கடிதத்தோடு வந்து நின்றான். அவனுடைய தகப்பனார் பம்பாயில் வேலை பார்த்தார்.

"டீச்சர், அப்பா காயிதம் போட்டிருக்கு. அம்மா வாசிச்சுக் கேட்டுட்டு வரச் சொல்லுதா."

"நீயே வாசித்திருக்கலாமே" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். வெகு நேரம் கழித்து, "இது நான் கேட்ட பாடம் இல்லை டீச்சர்" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. புத்தகத்தை எடுத்து, நடத்தாத பாடம் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். முதல் வரியில் மூன்று சொற்களைக்கூட அவனால் கூட்ட முடியவில்லை. அவன் அதுவரை வாசித்தது ஒன்றையும் கண்ணால் வாசிக்கவில்லை. காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறான். புத்தகத்தைக் கையில் பிடித்திருந்ததால் நான் வாசிப்பு என்று நம்பினேன்.

"உனக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். "அக்கா" என்றான். அந்த வாரம் அக்கா அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால்தான் கடிதம் என்னிடம் வந்தது.

அக்கா ஊர் திரும்பியதும் ஒரு மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தாயும் மகளும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவளுக்கு எதிரே, இலைக் கட்டின்மேல் சாய்த்து வைத்தபடி, தம்பியின் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். கை பீடியைச் சுருட்டுகிறது, நூலைக் கட்டுகிறது, கண் புத்தகத்தில் ஓடுகிறது, வாய் வாசிக்கிறது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளியில் நான் கேட்ட ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தப் பெண்ணுடைய குரல்.

அவள் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நடுநிலைப் பள்ளி மூன்று மைல் தூரத்தில் இருந்தது. "இவளை ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்கள்" என்று நான் கெஞ்சினேன். "அவ ஆறாப்புக்குப் போயிட்டா இந்தத் தட்டை யாரு பாக்கிறது டீச்சர்? தம்பியாவது படிக்கட்டும்" என்றார் அந்தத் தாய். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பம்பாயிலிருந்து பணம் எல்லா மாதமும் வராது. நான் இரண்டு முறை, மூன்று முறை போனேன். பயனில்லை.

பையனை நான் விடவில்லை. பள்ளி விட்டதும் தினம் அரைமணி நேரம் உட்கார வைத்தேன். பாடப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, அவன் வீட்டைப் பற்றி அவனையே பேசச் சொல்லி, அவன் சொன்னதை நான் எழுதி, அதை அவனை வாசிக்க வைத்தேன். சொந்தச் சொல் எழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு ஆசை வந்தது. ஆண்டுத் தேர்வு வரும்போது தகப்பனாரின் கடிதத்தைத் திக்கித் திணறித் தானே வாசித்தான். அன்று நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஆனால் நன்றாக வாசிக்கத் தெரிந்த அந்தப் பெண் திண்ணையிலேயே இருந்துவிட்டாளே என்ற வேதனை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று கற்றும் வழி அடைபட்டது. மற்றொன்று வழி திறந்திருந்தும் கற்கவில்லை. இரண்டையும் ஓராண்டு நான் அறியாமல் இருந்தேன்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய நீங்கள் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதலாவது, பள்ளிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடை அறிவிப்பு, இந்த யூபிலி மலர், எதுவானாலும் சரி. வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு புத்தகத்தை மூடி, "இதில் என்ன சொல்லியிருக்கிறது? உன் பேச்சில் எனக்குச் சொல்" என்று கேளுங்கள். கதை சொல்வதுபோல் சொன்னால் பிள்ளை தேறிவிட்டது. வரிக்கு வரி ஒப்பித்தாலோ, விழித்தாலோ, ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டை போட அல்ல, சேர்ந்து யோசிக்க.

இரண்டாவது, கணக்கு. 816 ரூபாயை 8 பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 12 என்று எழுதும். எட்டுக்கு ஒன்று, பதினாறுக்கு இரண்டு. நடுவில் வர வேண்டிய சுழியை விட்டுவிடுவார்கள். "தப்பு" என்று தலையில் குட்டாதீர்கள். "ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றால் எட்டுப் பேருக்கும் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். 96 என்று சொல்லும். "மீதிப் பணம் எங்கே போயிற்று?" என்றால் பிள்ளையே சிரித்துவிட்டு 102 என்று திருத்தும். விடையைத் தானே சரிபார்க்கிற பழக்கம் வந்த பிள்ளை கணக்குக்குப் பயப்படாது.

மூன்றாவது, பின்னம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேளுங்கள். நான்கு பெரிய எண் என்பதால் நான்கில் ஒரு பங்கே பெரிது என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். ஒரே அளவில் இரண்டு தோசை சுடுங்கள். ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் பிய்த்து வைத்து, "எந்தத் துண்டு வேண்டும்?" என்று கேளுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளை தவறாகச் சொல்லாது. ஒரு மணி நேரம் கரும்பலகையில் விளக்குவதை அடுப்பங்கரை ஐந்து நிமிடத்தில் செய்துவிடும்.

தாய்மொழியும் ஆங்கிலமும்

இன்னொன்று சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். ஆங்கிலம் வர வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகளை அதிகாலையிலேயே வேனில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்புகிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசித்துப் பொருள் உணர்வது என்ற திறமை முதலில் வீட்டில் பேசும் மொழியில்தான் வேர் பிடிக்கிறது. பிரான்சு நாட்டில் 1651 முதல் 1719 வரை வாழ்ந்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், ஏழைச் சிறுவர்களுக்காகப் பள்ளிகள் நடத்தினார். அக்காலத்தில் வாசிப்பை இலத்தீனில் தொடங்குவதுதான் வழக்கம். அவரோ பிள்ளைகள் பேசுகிற பிரெஞ்சு மொழியில் தொடங்கச் செய்தார். அவரைத்தான் 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆசிரியர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி, உங்கள் பிள்ளை தினம் ஒரு பக்கம் தமிழ் வாசிக்கட்டும். அது ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு

என் அருமை ஆசிரியர்களே, 2007-ஆம் ஆண்டை ஒட்டி நம் மாநிலத்தில் சிறு வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றலும், மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வியும் வந்தபோது நம்மில் பலர் முணுமுணுத்தோம். பிள்ளை பாடத்தைத் தானே வாசிக்க வேண்டும், தெரியாத சொல்லை அடிக்கோடிட வேண்டும், புரிந்ததை மனவரைபடமாக வரைய வேண்டும், குழுவில் பேச வேண்டும், சொந்த நடையில் எழுத வேண்டும் என்றார்கள். அட்டையும் படமும் பெருகி, சில இடங்களில் அது சடங்காகிப் போனது உண்மை. ஆனால் அதன் உயிர் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பையன் விஷயத்தில் அந்த முறை என் கையில் இருந்திருந்தால், "உன் நடையில் எழுது" என்று நான் சொன்ன முதல் நாளே அவன் நிலை எனக்குத் தெரிந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, மறு ஆண்டு நாலுக்கும் ஐந்துக்கும் வந்தது. திட்டங்கள் வரும், போகும். பெயர் எதுவானாலும், வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, அது அறியாத பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன் வரிசைப் பிள்ளையையும் சேர்த்துத்தான்!

பங்கு செய்யக்கூடியது

இந்த யூபிலியின் நினைவாகக் கல்வெட்டு வைப்போம். அதோடு இன்னும் ஒன்றையும் செய்யலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். பங்கு மன்றத்தில் ஒரு மரப்பெட்டி வைப்போம். அதில் சிறுவர் கதைப் புத்தகங்கள் ஐம்பது இருந்தால் போதும். வாரத்தில் இரண்டு மாலை, செபமாலைக்கு முன் அரைமணி நேரம், நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து வாசிக்கட்டும். மதம் பார்க்க வேண்டாம். தெருவும் பார்க்க வேண்டாம். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிமாரும் வரலாம். பிள்ளை சொல்லும் கதையைக் காது கொடுத்துக் கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிற ஒரு பாட்டி நல்ல ஆசிரியைக்குச் சமம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு என்கிறது. திண்ணையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் இல்லை. நான் மட்டும் இருந்தேன், நான் போதவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் தம்பியைப் பார்த்துக்கொள்ள, தட்டைப் பார்த்துக்கொள்ள, வீட்டில் விசேஷம் என்று, "ஒரு வாரம் அக்கா லீவு போடட்டும்" என்று சொல்வதை நாம் இன்னும் நிறுத்தவில்லை. அந்த ஒரு வாரத்தில் வகுத்தல் பாடம் முடிந்துவிடும். பிறகு அந்தப் பிள்ளை கணக்கில் மக்கு என்று பெயர் வாங்கும். அப்படி ஒரு பெயரை நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளையை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது கேட்காத பாடம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். தடுமாறினால் கோபிக்காதீர்கள், நேரத்தோடு தெரிந்ததே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி, நாளைக்கும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

 சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர் நம் பிள்ளைகள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.